எஸ்.ஆர்.830 லாக்-இன் ஆம்ப்ளிஃபையர்: சென்னை ஆய்வகத்துக்கு இன்னும் ஏற்றதா?

கிண்டி, தரமணி, அடையாறு பக்கம் எந்த இயற்பியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் மேசை மேல் இந்தப் பெட்டியைப் பார்க்க வாய்ப்பு அதிகம். இரைச்சலுக்குள் புதைந்த சிறு சிக்னலில், நாம் சொல்லும் ஒரு அதிர்வெண்ணில் வருவதை மட்டும் பிரித்து அளப்பதுதான் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரின் வேலை. கலிபோர்னியாவின் சன்னிவேலில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் சிஸ்டம்ஸ் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கருவி. தொடுதிரை கிடையாது, யு.எஸ்.பி. கிடையாது, எடை 13 கிலோவுக்கு மேல். அப்படியிருந்தும் மின்தடை, ஒளிமின்னோட்டம், காந்த ஏற்புத்திறன் போன்ற அளவீடுகளுக்கு இதை நம்பி வாங்கலாம் என்பதே எங்கள் முடிவு. இதில் தவறான எண் வருவது பெரும்பாலும் கருவியால் அல்ல. எர்த், அதிர்வெண், டைம் கான்ஸ்டன்ட் (எண்ணைச் சராசரியாக்கும் ஃபில்டரின் நேர அளவு) மூன்றையும் யோசிக்காமல் வைப்பதால். அதனால் இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் இயக்கும் முறைக்கே போகிறது.

முதலில் அடிப்படை அளவுகள். வேலை செய்யும் எல்லை 1 மில்லிஹெர்ட்ஸ் முதல் 102.4 கிலோஹெர்ட்ஸ் வரை. முழு அளவுகோல் 2 நானோவோல்ட்டில் தொடங்கி 1 வோல்ட் வரை 1-2-5 என்ற படிகளில் போகும். உள்ளீட்டு இரைச்சல் 1 கிலோஹெர்ட்ஸில் ரூட் ஹெர்ட்ஸுக்கு சுமார் 6 நானோவோல்ட். உள்ளீட்டு மின்மறுப்பு 10 மெகாஓம், அதோடு 25 பிக்கோஃபாரட். டைம் கான்ஸ்டன்ட் 10 மைக்ரோவினாடியில் தொடங்கும். ஃபில்டர் சரிவு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும்) 6, 12, 18, 24 டெசிபெல் என நாலு தேர்வு. காட்டும் எண் எப்போதும் ஆர்.எம்.எஸ். மதிப்பு (சைன் அலையில் உச்ச மதிப்பில் 0.707 பங்கு) என்பதை மனதில் வையுங்கள். பின்னால் இது ஒரு முக்கியமான இடத்தில் கைகொடுக்கும்.

பெட்டியைத் திறந்ததும் மின்சாரம் கொடுக்காதீர்கள். பின்பக்கம் பவர் கார்டு செருகும் இடத்திலேயே 100, 120, 220, 240 என்று மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் அட்டை இருக்கிறது. அமெரிக்காவில் பயன்படுத்திய கருவியை வாங்கியிருந்தால் அது 120-இல் நிற்கும். அப்படியே செருகினால் கதை முடிந்தது. நம் 230 வோல்ட்டுக்கு 240 நிலையே பொருத்தம். கூடவே ஃபியூஸையும் பாருங்கள்: 120-க்கு 1 ஆம்பியர், 240-க்கு அரை ஆம்பியர். அட்டையை மட்டும் மாற்றிவிட்டு ஃபியூஸை விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. உள்ளே இருக்கும், கரண்டின் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் 50 ஹெர்ட்ஸுக்கு ஒத்திசைக்கப்பட்டதா, 60-க்கா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். 60-க்கு வைத்த ஃபில்டரை இங்கே போட்டால் நம் கரண்ட் இரைச்சல் பெரிதாகக் குறையாது.

சென்னைக்கென்று சொல்ல வேண்டியது எர்த்திங். சுவர் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கருவியை நொந்து பயனில்லை. கத்திரி வெயிலில் எர்த் பிட் காய்ந்து போகும். தண்ணீர் ஊற்றிய மறுநாள் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கண்கூடாகக் குறையும். லாக்-இன், கிரையோஸ்டாட் (மாதிரியைக் குளிர்விக்கும் கலன்) கன்ட்ரோலர், கணினி எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். ஒன்றை இந்தச் சுவரிலும் மற்றொன்றை எதிர்ச்சுவரிலும் செருகினால் பி.என்.சி. கேபிளின் உறை வழியாகவே எர்த் மின்னோட்டம் ஓடும். ஏசி கம்ப்ரஸர் இருக்கும் லைனில் இதைப் போடாதீர்கள். யு.பி.எஸ். வைப்பதானால் சைன் வேவ் தரும் ஆன்லைன் வகைதான்; வீட்டுக்கு வாங்கும் சதுர அலை இன்வெர்ட்டர் வேண்டாம்.

கேபிள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போவோம், சரி. ஆனால் அங்கே எளிதாகக் கிடைப்பது சிசிடிவி கேபிளும் திருகி மாட்டும் பி.என்.சி. தலையும். 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே 50 ஓமா 75 ஓமா என்பது பெரிய விஷயமே இல்லை. பிரச்சினை உறைப்பின்னல்: சிசிடிவி கேபிளில் அது இடைவெளி விட்டுப் பின்னியிருக்கும், திருகுத் தலை சில மாதங்களில் தளர்ந்துவிடும். ஆர்.ஜி.58 அல்லது மெல்லிய ஆர்.ஜி.174 என்று கேட்டு, தலையைக் கிரிம்ப் செய்து வாங்குங்கள். அதே கடையில் 1 மெகாஓம், 100 கிலோஓம், 10 கிலோஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை 1 சதவீத வகையில் பத்துப் பத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஃபிலிம் வேண்டாம். மின்னோட்டம் ஓடும்போது கூடுதல் இரைச்சல் தரும்.

முதல் சோதனை எளிது. செட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவரைப் போட்டால் எல்லா அமைப்பும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்: 1 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட், 100 மில்லிவினாடி. கருவியே சைன் அலை தரும் சைன் அவுட்டிலிருந்து ஏ உள்ளீட்டுக்கு ஒரே ஒரு கேபிள். இடப்பக்கத் திரையில் எக்ஸ் (ஒப்பு அலையோடு ஒத்த ஃபேஸில் வரும் பகுதி) 1.000 வோல்ட்டை ஒட்டியும், வலப்பக்கத்தில் ஒய் (90 பாகை விலகி வரும் பகுதி) பூஜ்யத்தை ஒட்டியும் வர வேண்டும். ஃபேஸை 90 பாகை கூட்டினால் எக்ஸ் பூஜ்யத்துக்கும் ஒய் -1.000 வோல்ட்டுக்கும் போகும். அடுத்து உள்ளீட்டை ஷார்ட் செய்து, எக்ஸ் நாய்ஸ் என்ற காட்சிக்குப் போய், சென்சிடிவிட்டியை (முழு அளவுகோலை) கீழிறக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். ரூட் ஹெர்ட்ஸுக்கு 6 நானோவோல்ட் பக்கம் வந்தால் உள்ளீட்டுச் சுற்று நலமாக இருக்கிறது. பழைய கருவி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்த இரண்டையும் விற்பவர் கண்முன்னே செய்து பார்க்கலாம். மின்னேற்றம் பாய்ந்து அடிபட்ட உள்ளீடு முதல் சோதனையில் தப்பித்துவிடும், இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும்.

இனி அளவீட்டுக்கு வருவோம். நாலு முனை மின்தடை அளவீட்டை (இரண்டு முனையில் மின்னோட்டம், வேறு இரண்டில் மின்னழுத்தம்) எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சென்னையில் இந்தப் பெட்டி அதிகம் உழைப்பது அதற்குத்தான். சைன் அவுட் 1 வோல்ட், தொடரில் 1 மெகாஓம்: மாதிரிக்குள் 1 மைக்ரோஆம்பியர் போகும். மாதிரி 1 ஓம் என்றால் சிக்னல் 1 மைக்ரோவோல்ட். உள்ளீட்டை ஏ மைனஸ் பி-யிலும் (இரண்டு உள்ளீட்டின் வித்தியாசம்), கப்ளிங்கை ஏசி-யிலும், கிரவுண்டை ஃப்ளோட்டிலும் வையுங்கள். ஃப்ளோட்டில் கேபிள் உறை 10 கிலோஓம் வழியாக எர்த்தைத் தொடும்; கிரவுண்டில் 10 ஓம்தான். அந்தப் பத்து கிலோஓம்தான் எர்த் வளையத்தில் ஓடும் மின்னோட்டத்தை அடக்குகிறது. ஏ, பி கேபிள் இரண்டையும் ஒரே நீளத்தில் எடுத்து ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். இடையில் பரப்பு இருந்தால் அது காந்தப்புலத்தைப் பிடிக்கும் ஆன்டெனாவாகிவிடும்.

அதிர்வெண் 50-இன் மடங்காகவோ அதற்கு அருகிலோ இருக்கக் கூடாது. 17.7, 37.3, 137, 733 ஹெர்ட்ஸ் போன்றவை நல்லவை. தாழ்ந்த மின்தடை மாதிரிக்கு நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே போவது நல்லது, தாழ்ந்த அதிர்வெண்ணில் பெருகும் ஃப்ளிக்கர் இரைச்சல் குறையும். மாதிரி 100 கிலோஓம் ஆகும்போது நிலைமை வேறு: இரண்டு மீட்டர் கேபிளின் மின்தேக்கம் சுமார் 200 பிக்கோஃபாரட், அதோடு சேர்ந்து 8 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் சரியத் தொடங்கும், அதற்கு வெகு முன்பே ஒய் எழும்பும். 10 மெகாஓம் உள்ளீடு இணையாக நிற்பதால் கிட்டத்தட்ட 1 சதவீதம் குறையும். தொடரில் வைத்த 1 மெகாஓமும் இனி நிலையான மின்னோட்டம் தராது, 9 சதவீதம் குறைவாகப் போகும். உயர் மின்தடை மாதிரிக்கு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளப்பதே ஒழுங்கான வழி.

டைம் கான்ஸ்டன்ட் 300 மில்லிவினாடி, சரிவு 24 டெசிபெல் என்று வைத்தால் ஃபில்டர் உள்ளே விடும் இரைச்சலின் அலையகலம் 0.26 ஹெர்ட்ஸ். 6 நானோவோல்ட்டை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 3 நானோவோல்ட். ஆக 1 மைக்ரோவோல்ட் சிக்னலில் 0.3 சதவீதத் துல்லியம் கைக்கு எட்டுகிறது. திரையில் அதைவிடப் பல மடங்கு ஆட்டம் தெரிந்தால் குற்றம் கேபிளில், தொடுமுனையில், எர்த்தில். கேபிளை விரலால் தட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் அதை மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள்.

எண் நிலைகொள்ளும் நேரம் பலர் கவனிக்காமல் விடும் விஷயம். 99 சதவீதத்தை எட்ட 6 டெசிபெல்லில் டைம் கான்ஸ்டன்ட்டைப் போல் 5 மடங்கு, 12-இல் 7, 18-இல் 9, 24-இல் 10 மடங்கு ஆகும். 300 மில்லிவினாடிக்கு 3 வினாடி. வெப்பநிலையை நிமிடத்துக்கு 2 கெல்வின் வீதம் ஏற்றிக்கொண்டே அளக்கிறீர்கள், இரைச்சல் பிடிக்காமல் டைம் கான்ஸ்டன்ட்டை 3 வினாடி ஆக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 டெசிபெல்லில் எண் சுமார் 12 வினாடி பின்தங்கும். அது 0.4 கெல்வின். ஏற்றும்போது ஒரு பக்கம், இறக்கும்போது மறுபக்கம், ஆக 0.8 கெல்வின் அகலத்துக்கு ஒரு ஹிஸ்டெரிசிஸ் வளையம் (ஏறும் கோடும் இறங்கும் கோடும் பிரிந்து நிற்பது) வரைபடத்தில் அழகாக விழும். மாதிரியில் அப்படி எதுவுமே இருக்காது. வளையம் கண்டால் ஏற்றும் வேகத்தைப் பாதியாக்கி மறுபடி அளங்கள். அகலமும் பாதியானால் அது ஃபில்டரின் வேலை.

200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிங்க் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது. 17 ஹெர்ட்ஸில் அளந்தால் 34 ஹெர்ட்ஸ் அலையாட்டம் வெளியீட்டில் வரும். அதை அடக்க டைம் கான்ஸ்டன்ட்டை ஏற்றத் தேவையில்லை, இதைப் போட்டால் போதும்.

இரண்டு உள்ளீட்டிலும் ஒன்றாக ஏறும் மின்னழுத்தத்தால் வரும் காமன் மோட் பிழை இந்த அளவீட்டின் மறைந்திருக்கும் எதிரி. கீழ்முனைத் தொடுப்பு 10 கிலோஓம் என்றால் 1 மைக்ரோஆம்பியரில் மாதிரி முழுவதும் 10 மில்லிவோல்ட் உயரத்தில் ஏறி நிற்கும். அளக்க வேண்டியதோ 1 மைக்ரோவோல்ட். பொதுச் சிக்னலை நிராகரிக்கும் திறனை 100 டெசிபெல் என்றே எடுத்துக்கொண்டாலும் 0.1 மைக்ரோவோல்ட் உள்ளே கசியும். பத்து சதவீதப் பிழை. கண்டுபிடிக்கும் வழி: மின்னோட்ட முனை இரண்டையும் மாற்றிப் போடுங்கள். எண்ணின் குறி மாறி அளவு அப்படியே இருந்தால் நல்லது. அளவும் மாறினால் தொடுப்பைப் பிரித்துச் சில்வர் பேஸ்ட்டைப் புதிதாக வையுங்கள்.

ஃபேஸ் விஷயத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். நல்ல சிக்னல் இருக்கும்போது ஒருமுறை ஆட்டோ ஃபேஸ் அழுத்தி, அதன்பின் தொடாமல் விடுங்கள். சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கும்போது ஆட்டோ ஃபேஸ் அழுத்துவது சீட்டு குலுக்கிப் போடுவதற்குச் சமம். அதேபோல் சிறிய சிக்னலுக்கு ஆர்-ஐ (எக்ஸ், ஒய் சேர்ந்த மொத்த அளவை) பதிவு செய்யாதீர்கள். ஆர் எப்போதும் நேர்குறி, சிக்னல் பூஜ்யமானாலும் இரைச்சலின் அளவில் ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். மீக்கடத்தி மாதிரியில் மின்தடை பூஜ்யத்தைத் தொடவில்லையே என்று குழம்பும் மாணவர்கள் எக்ஸைப் பார்த்தால் அது பூஜ்யத்தின் இருபுறமும் ஆடுவது தெரியும். எக்ஸ், ஒய் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்வதே சரி.

ஓவர்லோடு விளக்கு மூன்று இடங்களில் எரியும், மூன்றுக்கும் மருந்து வேறு. உள்ளீட்டுப் பகுதியில் எரிந்தால் இரைச்சல் ரிசர்வை (சிக்னலைவிடப் பெரிய இரைச்சலைத் தாங்கும் வரம்பை) மீறிவிட்டது: முதலில் 50, 100 ஹெர்ட்ஸ் லைன் ஃபில்டர்களைப் போடுங்கள், பிறகு ரிசர்வை நார்மலுக்கு ஏற்றுங்கள். டைம் கான்ஸ்டன்ட் பகுதியில் எரிந்தால் அதைக் கூட்டுங்கள் அல்லது சரிவை அதிகமாக்குங்கள். சேனல் வெளியீட்டில் எரிந்தால் முழு அளவுகோல் போதாது, அல்லது வெளியீட்டைப் பெருக்கிக் காட்டும் எக்ஸ்பேண்ட் மறதியாக விடப்பட்டிருக்கிறது. எடுத்த எடுப்பில் ஹை ரிசர்வுக்குத் தாவுவது கெட்ட பழக்கம். இரைச்சலும் நகர்வும் கூடும். லைன் ஃபில்டருக்கும் ஒரு விலை உண்டு: அகலமான நாட்ச் என்பதால் 37 ஹெர்ட்ஸில் அளப்பவருக்கு அளவையும் ஃபேஸையும் கொஞ்சம் இழுத்துவிடும். தேவையில்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். ஆட்டோ கெயின் 1 வினாடிக்கு மேற்பட்ட டைம் கான்ஸ்டன்ட்டில் வேலை செய்யாது. பொத்தான் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஒளி அளவீட்டுக்காரர்களுக்குச் சில குறிப்புகள். சாப்பரின் (ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் சுழல்தட்டு) டி.டி.எல். துடிப்பு வெளியீட்டை ரெஃப் இன் என்ற ஒப்பு அலை உள்ளீட்டில் கொடுத்து, ட்ரிகரை பாசிட்டிவ் எட்ஜில் வையுங்கள். சைனில் விட்டால், ஒப்பு அலையைப் பற்ற முடியவில்லை என்று காட்டும் அன்லாக் விளக்கு மினுமினுக்கலாம். அறையின் டியூப் லைட்டுகள் 100 ஹெர்ட்ஸில் துடிப்பதால் அதன் மடங்குகளைத் தவிருங்கள். ஒளிடயோடை நேராக மின்னோட்ட உள்ளீட்டில் கொடுக்கலாம், ஆனால் 100 மெகாஓம் கெயினில் அலையகலம் வெறும் 700 ஹெர்ட்ஸ். வேகமாகச் சாப் செய்தால் 1 மெகாஓமுக்கு மாற வேண்டும். முன்பு சொன்ன ஆர்.எம்.எஸ். இங்கேதான் வருகிறது: ஒளி அணைந்து எரியும் சதுர அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 1 வோல்ட் இருந்தால் திரையில் 0.45 வோல்ட்தான் வரும், ஏனென்றால் கருவி அடிப்படை அதிர்வெண்ணை மட்டுமே பார்க்கிறது. சோலார் செல்லின் குவாண்டம் திறனைக் கணக்கிடும்போது 2.22-ஆல் பெருக்க மறந்தால் முடிவு பாதிக்கும் கீழே போய்விடும். ஒப்பீட்டு டயோடையும் இதே முறையில் அளந்தால் அந்தக் காரணி தானாகவே ரத்தாகும்.

குறைகளும் இருக்கின்றன. சைன் அவுட்டை 4 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறக்க முடியாது, முழுதாக அணைக்கவும் முடியாது. நுண்ணிய மாதிரி வைத்திருப்பவர்கள் 10 கிலோஓம், 100 ஓம் கொண்டு 101-க்கு 1 என்ற பிரிப்பானைச் செய்து இடையில் வையுங்கள். மாதிரியை மாட்டும் முன்பும் கழற்றும் முன்பும் அதன் முனைகளை ஷார்ட் செய்யும் ஒரு ஸ்விட்ச்சும் வேண்டும். விசிறிச் சத்தம் உண்டு. பின்பக்கத் துளைகளில் சென்னைத் தூசி அடைந்து உள்ளே சூடேறும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் ஏசி இல்லாத அறையில் பி.என்.சி. முனைகளில் களிம்பு பிடிக்கும். உயர் மின்தடை மாதிரியின் பலகையில் ஈரப்படலமே கசிவுப் பாதையாகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

கணினி இணைப்பு ஜி.பி.ஐ.பி., ஆர்.எஸ்.232 இரண்டிலும் உண்டு. எந்த வழியில் பதில் வர வேண்டும் என்று முதலில் அவுட்எக்ஸ் கட்டளையில் சொல்ல வேண்டும்: 1 என்றால் ஜி.பி.ஐ.பி., 0 என்றால் ஆர்.எஸ்.232. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கருவி பதிலே தரவில்லை என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். எக்ஸையும் ஒய்யையும் தனித்தனியாகக் கேட்காமல் ஸ்னாப் கட்டளையில் ஒரே கணத்தின் எண்களாக வாங்குங்கள். பின்பக்க 10 வோல்ட் அனலாக் வெளியீட்டைப் பதிவு செய்வோர் சென்சிடிவிட்டியையும் கூடவே பதிவு செய்யுங்கள். நடுவில் அளவுகோல் மாறினால் அந்த வோல்ட்டுக்கு அர்த்தமே மாறிவிடும்.

புதிதாக வாங்கும் பணம் இருந்து, 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேலை இருந்தால் அதே நிறுவனத்தின் எஸ்.ஆர்.860-ஐயோ ஜூரிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எம்.எஃப்.எல்.ஐ.-யையோ பாருங்கள். இரண்டும் 500 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், உள்ளீட்டு இரைச்சலும் 830-ஐவிடப் பாதிக்கும் குறைவு. இளநிலை வகுப்புக்கு லாக்-இன் தத்துவத்தைக் காட்ட மட்டும் என்றால் ஏ.டி.630 சிப்பை வைத்து ஒரு பலகை செய்தாலே போதும். மற்றபடி தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்தடை அளக்கும் ஆய்வகத்துக்கு, மேலே சொன்ன இரண்டு சோதனையிலும் தேறிய பழைய 830 ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல கேபிளுக்கும் தனி எர்த் பிட்டுக்கும் செலவழிக்கச் சொல்வோம்.